பதினோராவது

ஷெஃபீல்டில், வாக்லி சரிவில்,
கம்பம் எண் நாற்பத்தேழு.
ஜனவரி. மாலை நாலரைக்கே இருட்டு.
இதைக் கழற்றிவிட்டால்
இந்த வட்டாரத்தில் மஞ்சள் தீர்ந்தது.
பணித்தாள் அப்படிச் சொல்லவில்லை:
‘பழையதை அகற்றி எல்இடி பொருத்துக.’
எதிரே என் பெயர், நவமலர்,
இரண்டு எழுத்துப் பிழையோடு.

தூக்கி வண்டியின் தொட்டியில் நிற்கிறேன்.
கீழே ஓவன் நெம்புகோலை அழுத்துகிறான்.
இந்தத் தொட்டி எங்கு வேண்டுமானாலும் நிற்கும்:
முதல் மாடி ஜன்னலில்,
ஜன்னலுக்கும் கூரைக்கும் நடுவில்,
உள்ளே அலமாரியில் பீங்கான் நாயின்
காது மட்டும் தெரியும் உயரத்தில்.
அணுவுக்குள் இந்த வசதி கிடையாது.
படி உண்டு. படிக்கும் படிக்கும் நடுவே
நிற்க இடமில்லை.
திரிசங்குவுக்கு அங்கே சொர்க்கம் கட்ட
எந்த முனிவராலும் ஆகாது.

மாலை வகுப்பில் பென்சிலால் வரைந்தேன்:
இரண்டு, எட்டு, ஒன்று.
உள்ளே இருவர், கதவைச் சாத்திக்கொண்டவர்கள்.
அடுத்து எண்மர். பந்தி நிறைந்தது,
இலை மிச்சமில்லை.
வெளியே ஒருத்தி, பதினோராவது.
ஒண்டிக்கட்டை.
சோடியத்தின் சண்டை, சம்பந்தம், வெளிச்சம்
எல்லாம் அவள் தலையில்.
(என்னைச் சொல்கிறேன் என்று
ஓவன் நினைத்தான். இல்லை.)

கழற்றுமுன் ஒருமுறை எரியவிட்டுப் பார்ப்பது விதி.
விதி இல்லாவிட்டாலும் பார்த்திருப்பேன்.
எடுத்த எடுப்பில் மஞ்சள் வராது.
முதலில் மங்கிய சிவப்பு. அது நியான்:
நிறைந்த வீட்டுக்காரர்,
யாரிடமும் கைமாற்று கேட்டறியாதவர்.
ஆனாலும் குழாயைச் சூடேற்றுவது அவர்தான்.
ஐந்து நிமிடம். ஏழு.
கண்ணாடியில் ஒட்டிக்கிடந்த உலோகம்
வியர்த்து, ஆவியாகி, மோதுகிறது.
பதினோராவது ஒரு படி ஏறுகிறாள்.
மேலே அவளுக்குப் பதினாறு நானோ நொடி.
நான் ‘அப்பாடா’ சொல்லி முடிப்பதற்குள்
அப்படி மூன்று கோடி அடங்கும்.
பிறகு விழுகிறாள்.
விழுந்த தூரம்தான் இந்த மஞ்சள்.
எந்த ஊரில் விழுந்தாலும் அதே தூரம்,
எனவே அதே மஞ்சள்.

வேறு நிறமே தெரியாத மஞ்சள்.
ஓவனின் உதடு சாம்பல்.
அஞ்சல் பெட்டி கரி.
இருபத்தொன்றாம் எண் வீட்டு ஹில்டா ப்ராம்லி
கதவைத் திறந்து கேட்டாள்:
“இனி ராத்திரியிலும் என் கார்
பச்சையாகத்தான் தெரியுமா?”
தெரியும் என்றேன்.
“அடக் கடவுளே” என்று சாத்திக்கொண்டாள்.

அப்போது உப்பு வண்டி சரிவேறியது.
மாரீன் ஓட்டுகிறாள், கையசைத்தாள்.
செஷையர் சுரங்கத்துப் பாறை உப்பு
கார்களின் மேல், ஓவனின் பூட்ஸின் மேல்
சடசடவென்று தெறித்தது.
அதுவும் சோடியம்.
அங்கே பதினோராவது வீட்டில் இல்லை.
ஏழோடு ஓரிடம் குறைந்திருந்த குளோரினிடம்
போய்விட்டாள்.
அதனால் தண்ணீரைக் கண்டு பதறாது,
சாதுவாகக் கரையும், பனியை இளக்கும்.
என் கையிலிருக்கும் குழாயில் அவள் இன்னும் இருக்கிறாள்.
இது உடைந்து ஈரம் பட்டால்
பிடித்துவைக்க முடியாது.
பஞ்சு வைத்த பெட்டியில்
நீள வாட்டில் படுக்கவைத்தேன்.

புதியது பொருந்தியது. அழுத்தியதும் வெள்ளை.
காத்திருக்கச் சொல்லாத வெள்ளை.
ப்ராம்லியின் கார் பச்சைதான்,
கொஞ்சம் அசிங்கமான பச்சை.

வண்டியின் பின்கதவைத் திறந்து
ஓவன் சிறு காஸ் அடுப்பில் தேநீர் வைத்தான்.
கையுறையை உதறினான்.
ஒட்டியிருந்த தெரு உப்பு
நீலச் சுடரில் விழுந்தது.

ஒரு கணம்.
அந்த வெப்பத்தில் யாரோ ஒருத்தி
வீடு திரும்பி, படியேறி, விழுந்தாள்.

“அடுப்பில் ஏதோ கோளாறு” என்றான் ஓவன்.
நான் இன்னும் கொஞ்சம் உதறச் சொன்னேன்.